பயிற்சிப் பறப்புக்கு எதற்கு மறைப்பு?

2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் இறங்க வந்த பயணிகள் விமானமும் அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் பொடோமாக் ஆற்றின் மேல் மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த 67 பேரும் இறந்தார்கள். பயணிகள் விமானங்களை ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். அந்த விசாரணை விவரங்களைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று என்னை உறுத்துகிறது. அந்த ஹெலிகாப்டர் சண்டைக்குப் போகவில்லை. இரவுப் பார்வைக் கண்ணாடி அணிந்து பறக்கும் விமானிக்கான ஆண்டுத் தேர்வுக்காகப் போனது.

ஒரு விமானம் தான் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் வேகத்தையும் நொடிக்கு நொடி அறிவிக்கும் கருவிக்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். அமெரிக்காவில் 2020 முதல் பெரிய விமான நிலையங்களைச் சுற்றிப் பறக்க அது கட்டாயம். ரகசியம் காக்க வேண்டிய அரசுப் பணிகளுக்கு மட்டும் 2019-இல் விலக்கு கொடுத்தார்கள். அன்றிரவு ஹெலிகாப்டரிலிருந்து அந்த அறிவிப்பு வரவில்லை. அது பறந்ததோ, யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய வரைபடத்தில் அச்சாகியிருக்கும் ஹெலிகாப்டர் பாதையில். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

இது ஒன்றே விபத்துக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் ஹெலிகாப்டர்கள் 200 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது அன்றைய விதி. மோதும்போது அது 278 அடியில் இருந்தது. கன்ட்ரோலர் ஒருவர்தான், அலைவரிசைகள் இரண்டு. ஹெலிகாப்டர் பேசியது விமானிகளுக்குக் கேட்கவில்லை, விமானிகள் பேசியது ஹெலிகாப்டருக்குக் கேட்கவில்லை. விமானம் கண்ணுக்குத் தெரிகிறது, நாங்களே விலகிப் போகிறோம் என்று ஹெலிகாப்டர் கேட்டது, அனுமதி கிடைத்தது. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அதே நிலையத்தருகே விமானமும் ஹெலிகாப்டரும் 85 முறை, பக்கவாட்டில் 1,500 அடிக்குள்ளும் உயரத்தில் 200 அடிக்குள்ளும் நெருங்கியிருந்ததாகப் பிற்பாடு விசாரணை வாரியம் கண்டறிந்தது.

படை விமானங்களுக்குக் கிடைக்கும் இத்தகைய விலக்குகளின் வேர் 1944-இல் இருக்கிறது. உலகம் முழுவதும் சிவில் விமானப் போக்குவரத்துக்கு அடிப்படையான சிகாகோ உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவு, ராணுவ, சுங்க, காவல் துறை விமானங்களைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. சிவில் விமானங்களின் பாதுகாப்பை உரிய முறையில் கருத்தில் கொள்வோம் என்று நாடுகள் வாக்குறுதி மட்டும் கொடுத்தன. எவ்வளவு கருத்தில் கொண்டார்கள் என்று அளந்து பார்க்க யாரும் இல்லை.

படைக்குத் தனி விதி வேண்டாம் என்பது என் வாதமல்ல. நான்கு போர் விமானங்கள் அணியாகப் பறந்தால் கன்ட்ரோலர் அவற்றை ஒரே விமானமாகத்தான் கணக்கிடுவார். ரேடாரின் கேள்விக்குத் தலைமை விமானம் மட்டும் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவியால் பதில் சொல்லும். போரில் ஒளிந்து பறக்கத் தெரிந்திருக்க வேண்டும். படையின் பழக்கங்களில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. கடற்படைத் தளமான விசாகப்பட்டினத்தில் நான் இறங்கும்போது, சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டனவா என்று டவரிலிருந்து கேட்பார்கள். அதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் பதில் சொல்வேன். நல்ல வழக்கம் அது.

ஆனால் சாதாரண நாளில், பயணிகள் விமானங்கள் வரிசைகட்டி இறங்கும் இடத்தில், படை விமானம் கண்ணுக்குத் தப்பிப் பறப்பதன் விலையை 1971-லேயே பார்த்துவிட்டோம். அந்த ஜூன் மாதம் கலிபோர்னியாவில், டிரான்ஸ்பாண்டர் வேலை செய்யாத ஒரு ஃபாண்டம் போர் விமானம் பயணிகள் விமானத்தில் மோதி 50 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே ஜப்பானின் ஷிசுகுயிஷி வானில் பயிற்சியில் இருந்த போர் விமானத்தோடு மோதி, பயணிகள் விமானத்தில் இருந்த 162 பேரும் இறந்தார்கள்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. புனே, ஸ்ரீநகர், சண்டிகரில் பயணிகள் இறங்குவது விமானப் படைத் தளங்களில். கோவா டாபோலிமில் கடற்படைத் தளத்தில். ஆகவே மூன்று விஷயங்கள் வேண்டும். பயணிகள் விமானங்கள் புழங்கும் வானில் பயிற்சிக்குப் பறக்கும் எந்தப் படை விமானமும் தன் இருப்பை அறிவித்தபடியே பறக்க வேண்டும். அதிலிருந்து விலக்கு வேண்டுமானால் அந்த ஒரு பறப்புக்கு மட்டும், காரணத்தை எழுதி, கன்ட்ரோலருக்கு முன்கூட்டியே சொல்லிப் பெற வேண்டும். ஓடுபாதையை நெருங்கும் எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேச வேண்டும். படையும் சிவில் துறையும் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு நெருக்கச் சம்பவத்தையும் இரு தரப்பும் சேர்ந்து விசாரித்து, ராணுவ ரகசியம் நீங்கலாக, முடிவை வெளியிட வேண்டும்.

நாடாளுமன்றத்தின் போக்குவரத்து நிலைக்குழு இந்த மூன்றையும் பாதுகாப்பு அமைச்சகத்திடமும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்திடமும் நேரடியாகக் கேட்கலாம். அதற்கு இங்கே ஒரு விபத்து நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.