கொலையாளியை மாற்றாதீர்கள்

அகதா கிறிஸ்டியின் இன்னொரு நாவல் டிவி தொடராக வருகிறது என்று செய்தி பார்த்தால் ஒரு காலத்தில் நாள் எண்ணிக் காத்திருப்பேன். இப்போது வயிற்றைக் கலக்குகிறது. இந்தத் தடவை பழியை யார் தலையில் கட்டப் போகிறார்களோ!

எங்கள் நண்பர் வட்டத்தில் பிரிட்டிஷ் பீரியட் டிராமா, துப்பறியும் தொடர் என்று ஆரம்பித்தால் சோறு தண்ணீர் வேண்டாம். கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோ குடியிருக்கும் ஒயிட்ஹேவன் மேன்ஷன்ஸ் என்று திரையில் வருவது லண்டன் சார்ட்டர்ஹவுஸ் சதுக்கத்தில் இருக்கும் ஃப்ளோரின் கோர்ட் கட்டடம்தான் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். டவுன்டன் அபே எடுத்த ஹைகிளேர் கோட்டை, ஆக்ஸ்ஃபோர்டில் இன்ஸ்பெக்டர் மோர்ஸ் ஓட்டும் ஜாகுவார், ஃபாயில்ஸ் வாரில் சாம் போட்டிருக்கும் சீருடை என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். எனக்கும் இதெல்லாம் பிடிக்கும். ஆனால் நடுவில், "அது சரி, கதையை ஏன் மாற்றினார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அப்படியே அறுந்துவிடும். "விடுங்கக்கா, அந்தக் காலத்து டிரஸ், வீடு எல்லாம் எவ்வளவு அழகா எடுத்திருக்காங்க!" என்று யாராவது ஒருவர் சொல்வார். மறுபடி தொப்பிக்கும் தேநீர்க் கோப்பைக்கும் போய்விடுவோம்.

எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. மாற்றினது ஏதோ ஒரு வசனத்தையா, ஒரு தெருப் பெயரையா? கொலை செய்தவரையே மாற்றியிருக்கிறார்கள்!

2004-ல் ஐடிவி, கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிளை வைத்து 'மார்ப்பிள்' தொடரைத் தொடங்கியது. ஜெரால்டின் மெக்ஈவன் நடித்தார். எடுத்த எடுப்பிலேயே 'தி பாடி இன் தி லைப்ரரி'. நாவலில் குற்றத்துக்குப் பொறுப்பானவர்களில் ஒருவரைத் தூக்கிவிட்டு வேறொருவரை உட்காரவைத்தார்கள். 2006-ல் 'தி சிட்டஃபோர்ட் மிஸ்டரி'. மூலத்தில் மிஸ் மார்ப்பிள் கிடையவே கிடையாது. அவரைக் கொண்டுவந்து நுழைத்தார்கள், முடிவையும் மாற்றினார்கள். அதே வருடம், கிறிஸ்டியின் துப்பறியும் தம்பதியான டாமி - டப்பன்ஸின் கதை ஒன்றிலும் மார்ப்பிளைச் சேர்த்தார்கள். கிறிஸ்டி அத்தனை ஆசையோடு படைத்த, எந்த வம்புக்கும் முதல் ஆளாய்க் கிளம்புகிற டப்பன்ஸ், கைப்பையில் மதுக்குப்பியோடு அலையும் பெண்ணாக வந்து நின்றாள். எனக்கு நெஞ்சு அடைத்துப்போயிற்று.

டேவிட் சூஷே நடித்த புவாரோவும் தப்பவில்லை. 1989 முதல் 2013 வரை 70 படங்கள். ஆரம்ப வருடங்களில் புவாரோவின் கூட்டாளிகளான ஹேஸ்டிங்ஸ், ஜாப், மிஸ் லெமன் மூவரையும் அவர்கள் இல்லாத கதைகளிலும் சேர்த்தார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை, முடிச்சில் கை வைக்கவில்லையே. ஆனால் 2009 கிறிஸ்துமஸ் அன்று வந்த 'அப்பாயின்ட்மென்ட் வித் டெத்'? நாவல், பெட்ராவின் குகைகளுக்கு நடுவே, குடும்பத்தையே ஆட்டிப்படைக்கிற ஒரு கிழவியைப் பற்றியது. யார் எத்தனை மணிக்கு அவளை உயிரோடு பார்த்தார்கள் என்ற கேள்வியில்தான் கதை முழுக்க நிற்கிறது. திரையில் அது சிரியாவில் ஓர் அகழ்வாராய்ச்சி, யோவான் ஸ்நானகனின் தலையைத் தேடும் ஒரு பிரபு, அடிமை வியாபாரத்தில் ஈடுபட்ட ஒரு கன்னியாஸ்திரீ என்று ஆகிவிட்டது. நாவலைப் படித்தவர்களுக்கு அடையாளமே தெரியாது.

இதையெல்லாம் கேள்வி கேட்காத ரசிகர்கள் எதைக் கேட்டார்கள் தெரியுமா? 2014-ல் டவுன்டன் அபேயின் ஐந்தாவது சீசனுக்கு ஒரு விளம்பரப் புகைப்படம் வெளியானது. கதை நடப்பது 1924-ல். கிரந்தம் பிரபுவும் மகள் ஈடித்தும் நிற்கிறார்கள். பின்னால் கணப்பின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். அதற்கு எழுந்த அமளி கொஞ்சநஞ்சமல்ல. பத்திரிகைச் செய்தியாகி, கடைசியில் நடிகர்களே ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு நின்று வாட்டர்எய்ட் தொண்டு நிறுவனத்துக்காக இன்னொரு படம் எடுத்து வெளியிட்டார்கள். 2010-ல் முதல் சீசனிலேயே டிவி ஆன்டெனாவையும், தெருவோரத்து இரட்டை மஞ்சள் கோடுகளையும் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். இத்தனைக்கும் அந்தத் தொடரில் மேஜையில் எப்படி உட்கார வேண்டும், யார் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் திருத்த, அலஸ்டர் புரூஸ் என்று ஒரு வரலாற்று ஆலோசகரே இருந்தார். முதுகு நாற்காலியில் சாய்கிறதா என்று பார்க்க ஆள் இருக்கிறது. கதையின் முதுகெலும்பு முறிகிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டாமா? கிறிஸ்டியை வரி வரியாகப் படித்தவர்கள் முணுமுணுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பாட்டிலுக்கு எழுந்த சத்தம் இதற்கு எழவில்லை.

துப்பறியும் கதையில் முடிவு என்பது கடைசியில் ஒட்டவைக்கிற சமாசாரம் அல்ல. முதல் பக்கத்திலிருந்தே ஒவ்வொரு வரியும் அந்த ஒரு ஆளைக் குறிவைத்து எழுதப்பட்டிருக்கிறது. 1930-ல் லண்டனில் டிடெக்‌ஷன் கிளப் என்று ஒன்றை ஆரம்பித்த எழுத்தாளர்கள், முக்கியமான தடயம் எதையும் வாசகரிடமிருந்து மறைக்க மாட்டோம் என்று சத்தியப் பிரமாணமே செய்துகொண்டார்கள். கிறிஸ்டி அதன் உறுப்பினர். பின்னாளில் 1976-ல் காலமாகும்வரை அதன் தலைவர்.

அந்த நேர்மை எப்படி இருக்கும் என்பதற்கு 1942-ல் வந்த 'தி பாடி இன் தி லைப்ரரி'யையே பாருங்கள். விடிந்ததும் விடியாததுமாகக் கர்னல் பான்ட்ரியின் வீட்டு நூலகத்தில், கணப்பு விரிப்பின் மேல், வீட்டில் யாருக்கும் தெரியாத ஓர் இளம்பெண்ணின் பிணம். முகம் நிறைய மேக்கப், பளபளவென்று மாலை விருந்துக்கான உடை. மிஸ் மார்ப்பிளின் கண் போவது நகங்களுக்கு. கடித்துக் கடித்துக் குட்டையாகிப்போன நகங்கள். உடையும் பழசு. இத்தனை அலங்காரம் செய்துகொள்கிறவள் ஏன் இப்படி? நாமும் அதே நகங்களை அதே பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் தாண்டிப்போயிருக்கிறோம். பின்னால், அந்தக் காலத்தில் லண்டன் சாமர்செட் ஹவுஸில் இருந்த ஒரு பதிவேடு வருகிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் புரட்டிப் பார்க்கக்கூடிய அரசாங்கப் பதிவேடு. அதில் என்ன இருந்தது என்று சொல்ல மாட்டேன், படிக்காதவர்களின் சுகத்தை நான் கெடுக்கக் கூடாது. ஐடிவி தொடரில் ஆளை மாற்றியதும் அந்தப் பதிவேட்டுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

இதே கதையை 1984 டிசம்பரில் பிபிசி ஜோன் ஹிக்சனை வைத்து மூன்று பகுதிகளாகக் காட்டியது. ஹிக்சனுக்கு அப்போது வயது 78. 1992 வரை பன்னிரண்டு மார்ப்பிள் நாவல்களையும் முடித்துக் கொடுத்தார். குரலை உயர்த்த மாட்டார், கண்ணால்தான் நடிப்பார். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். தெரிந்த பிறகுதான் ஒவ்வொரு பார்வைக்கும் அர்த்தம் புரிகிறது.

"எல்லாருக்கும் முடிவு தெரியும், அதனால்தான் மாத்தறாங்க" என்பது எனக்குச் சொல்லப்படும் சமாதானம். யார் அந்த எல்லோரும்? லண்டனில் கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' நாடகம் 1952-லிருந்து நடக்கிறது. கொரோனாவில் நின்று மறுபடி தொடங்கியது. நாடகம் முடிந்ததும், குற்றவாளி யாரென்று வெளியில் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள், கூட்டமும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

"கிறிஸ்டியே மாத்தியிருக்காங்களே" என்பார்கள். மாற்றினார்தான். 'அப்பாயின்ட்மென்ட் வித் டெத்'தை 1945-ல் நாடகமாக்கியபோது புவாரோவையே எடுத்துவிட்டார், முடிவையும் மாற்றினார். (ஜோன் ஹிக்சன் நடித்ததும், நீங்கள் ஒருநாள் என் மிஸ் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று கிறிஸ்டி அவருக்குக் குறிப்பு எழுதியதும் இந்த நாடகத்தை ஒட்டித்தான்.) அது அவர் கட்டிய வீடு, சுவரை இடிக்க அவருக்கு உரிமை உண்டு. இடித்தவர் அந்த முடிவுக்கு ஏற்றபடி மறுபடி கட்டியும் காட்டினார்.

புதிதாக எடுப்பவர்கள் எல்லோரையும் குறை சொல்ல மாட்டேன். 2015-ல் சாரா ஃபெல்ப்ஸ் எழுதி பிபிசியில் வந்த 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலின் பயங்கரமான முடிவைத் தைரியமாக அப்படியே வைத்தது. பார்த்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே ஃபெல்ப்ஸ் 2018-ல் 'ஆர்டியல் பை இன்னசென்ஸ்' எழுதியபோது கொலையாளியை மாற்றினார். தன் புத்தகங்களில் தனக்கு மிகவும் திருப்தி தந்தவை என்று கிறிஸ்டி சுயசரிதையில் சொல்லும் இரண்டில் ஒன்று அது. கை வைக்க வேறு புத்தகமே கிடைக்கவில்லையா?

என் அக்கா மகள் 'ஆர்டியல் பை இன்னசென்ஸ்' தொடரின் மூன்று பகுதிகளையும் ஒரே ராத்திரியில் பார்த்துவிட்டு என்னிடம் பேச வந்தாள். பேசப் பேச, இரண்டு பேரும் இரண்டு வேறு ஆட்களைப் பற்றிப் பேசுகிறோம் என்று புரிந்தது. "சித்தி, நீங்க கதையை மறந்துட்டீங்க" என்றாள். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்துக் கொடுத்தேன். படித்து முடித்ததும் அவள் கேட்டாள்: "அப்போ நான் பார்த்தது யாரோட கதை?"

இந்தக் கேள்விக்கு எடுத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கிறிஸ்டியின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுத்தானே விற்கிறார்கள்? முதல் காட்சிக்கு முன்னால் ஒரே ஒரு வரி சேர்க்கட்டும்: இந்த முடிவு நாங்கள் எழுதியது, நாவலில் இல்லாதது என்று. அந்த வரி இல்லாமல் அடுத்த தொடர் வந்தால், நண்பர்களே, தொப்பியையும் காரையும் ஒரு நாள் ஒதுக்கிவைத்துவிட்டு என்னோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள்.