இலவச அரிசியா விலையை ஏற்றியது?

மாநில அரசு வரவை மீறிச் செலவிடுவதால்தான், அதிலும் இலவசங்களை வாரி வழங்குவதால்தான், விலைவாசி ஏறுகிறது என்ற நம்பிக்கை மதுரை நகரத்துப் படித்த வகுப்பாரிடமும், மேலூர், திருமங்கலம் வட்டாரங்களின் நிலவுடைமையாளரிடமும் ஒருசேர வேரூன்றியிருக்கிறது. மாநிலத்தின் கடன் பெரிது என்பதும், வாழ்க்கைச் செலவு கூடியிருக்கிறது என்பதும் மறுக்க முடியாதவை. முன்னதே பின்னதை விளைவித்தது என்று போடப்படும் முடிச்சுதான் பொய்.

கடனைக் குறைத்துச் சொல்ல வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. மதுரை மத்தியத் தொகுதியின் அப்போதைய உறுப்பினரும் நிதியமைச்சருமான பழனிவேல் தியாகராஜன் 2021 ஆகஸ்ட் 9 அன்று வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 2020-21ஆம் ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறையை, அதாவது சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற நடப்புச் செலவுகளுக்கே வரவு போதாமல் விழும் துண்டை, 61,320 கோடி ரூபாய் என்று கணக்கிட்டதோடு, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகவும் கூறியது. 2025-26 நிதிநிலை அறிக்கையின் மதிப்பீட்டில் மொத்தக் கடன் 9 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. இது கவலைக்குரியதே, ஆனால் இக்கவலை வேறு, கடைத்தெருவில் ஏறும் விலை வேறு.

பணவீக்கம் என்பது பொருள்களின் விலை பொதுவாகவும் தொடர்ச்சியாகவும் ஏறி, பணத்தின் வாங்கும் திறன் தேய்ந்துபோவதாகும். பணத்தை வெளியிடும் அதிகாரம் ரிசர்வ் வங்கியிடம் இருக்கிறதேயன்றி எந்த மாநிலத்திடமும் இல்லை. ஒன்றிய அரசுக்குக் கடன்பட்ட மாநிலம், அரசமைப்புச் சட்டத்தின் 293ஆம் பிரிவின்படி அதன் ஒப்புதலைப் பெற்றே மேலும் கடன் வாங்க முடியும். அப்படி வாங்குவதும் பெரும்பாலும் கடன்பத்திரங்களை விற்று, வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் சேர்ந்துள்ள சேமிப்பைத் திரட்டுவதேயாகும். கடன் வாங்கிச் செலவழித்தால் தேவை ஓரளவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தேவை நாடளாவிய சந்தையில் கரைகிறது. பரவைச் சந்தைக்கு வரும் பெரிய வெங்காயத்தின் விலையை மகாராஷ்டிரத்து விளைச்சலும், சமையல் எண்ணெயின் விலையை அயல்நாட்டு இறக்குமதியும் பெரிதும் தீர்மானிக்கின்றன. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைத்ததற்கும் தமிழக அரசின் கருவூலத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இலவச அரிசி என்பதையே அறியாத பிரிட்டனில் அதே ஆண்டு அக்டோபரில் பணவீக்கம் 11 விழுக்காட்டைத் தாண்டியது.

இந்த இடத்தில், பொருளாதாரம் நொறுங்கிய இலங்கையை எடுத்துக்காட்டி அச்சுறுத்துவது வழக்கமாகிவிட்டது. அந்நாட்டில் 2019 இறுதியில் மதிப்புக்கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக வெட்டப்பட்டது, வருவாய் சரிந்தது, மத்திய வங்கி பணத்தை அச்சிட்டது, 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது, அந்நியச் செலாவணி வற்றியது. வரியை வெட்டியதில் தொடங்கிய அழிவை ஏழைக்குக் கொடுத்ததால் வந்த அழிவாகத் திரித்துச் சொல்வது அறியாமை அன்று, வசதி. தவிரவும், சொந்த நாணயம் இல்லாத ஒரு மாநிலம் அந்த வழியில் அழிய நினைத்தாலும் முடியாது.

கிராமப்புறத்தில் இதே நம்பிக்கை வேறு உருவில் உலவுகிறது. ரேஷன் அரிசி ஆட்களைச் சோம்பேறியாக்கிவிட்டது, நூறுநாள் வேலை களையெடுக்க ஆளில்லாமல் செய்துவிட்டது, அதனால் கூலி ஏறி விலையும் ஏறிவிட்டது என்பது பெரியாறு பாசனப் பகுதியில் ஓயாமல் ஒலிக்கும் வாதம். கூலி ஏறியது மெய். ஆனால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் கிடைக்கும் விலை, ஒன்றிய அரசு அறிவிக்கும் ஆதரவு விலையும் அதன்மேல் மாநிலம் சேர்க்கும் சிறு ஊக்கத்தொகையுமே. தன் வயலில் கூடுதலாகக் கொடுத்த கூலியை விவசாயி அதில் ஏற்றிவிட வழியில்லை. கூலி உயர்வு அப்படியே விலையாக மாறியிருந்தால் மேலூர் விவசாயியின் நகை அடகுக் கடைக்குப் போயிருக்காது. மேலும், நூறுநாள் வேலை 2005ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் வந்ததேயொழிய மாநில அரசின் இலவசமன்று. 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வழங்கப்படும் ரேஷன் அரிசியோ, வெளிச்சந்தையில் அரிசிக்கான தேவையைக் குறைத்து விலையை இறுக்கிப் பிடிக்கும் பொருளாகும்.

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையே இந்த நம்பிக்கைக்குப் போதுமான மறுப்பு. மார்கழிப் பனியில் அரும்பு குறைந்து, தைப் பொங்கலும் முகூர்த்தங்களும் நெருங்கும்போது மதுரை மல்லி கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறுகிறது. கோடையில் வரத்துப் பெருகினால் இறங்குகிறது. எந்த இலவசத் திட்டமும் மல்லிகையைத் தொட்டதில்லை.

மாநில அரசு நேரடியாக வாழ்க்கைச் செலவை உயர்த்தும் இடங்களும் இருக்கின்றன, ஆனால் கண்டனக்காரர்கள் அங்கே பார்ப்பதில்லை. 2014 டிசம்பருக்குப் பிறகு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் திருத்தப்படாத மின்கட்டணம், மின்வாரியத்தின் நட்டம் மலையாகக் குவிந்தபின் 2022 செப்டம்பரில் ஒரே அடியாக ஏற்றப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் குடியிருப்புகளின் சொத்துவரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது. வாடகையிலும் கடைச் சரக்கின் விலையிலும் இவை ஊறுவதைத் தடுக்க முடியாது. குற்றம் கொடுத்ததில் இல்லை. வசூலிக்க வேண்டியதை வாக்குக்கு அஞ்சி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டதில் இருக்கிறது.

இலவசம் என்ற சொல்லே ஒருபக்கமாகத்தான் புழங்குகிறது. கீழ அண்ணாத்தோப்பு மாநகராட்சிப் பள்ளியில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவு இலவசம். 2019 செப்டம்பரில் ஒன்றிய அரசு நிறுவன வரியைக் குறைத்து, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாயைக் கைவிடுவதாகத் தானே அறிவித்தது மட்டும் ஊக்குவிப்பு. இலவசங்களைப் பழிக்கும் கே.கே. நகர், அண்ணா நகர் மாடிவீடுகளின் மின்கட்டணக் கணக்கிலும், 2016 மே மாதம் தொட்டு, இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் கிடையாது.