ரிலே வீண்செலவு அல்ல

"பென்னாகரம்–ஒகேனக்கல் காட்டுச் சாலையிலும் வத்தல்மலை வளைவுகளிலும் இரவில் பைக்கில் போகிறவனுக்கு வெளிச்சம்தான் உயிர். ரிலே, ஃபியூஸ் எல்லாம் வீண்செலவு, ஹெட்லைட் ஒயரிலேயே கூடுதலாக இரண்டு விளக்கைக் கோத்துவிடலாம்" என்கிறார்கள் சிலர். முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது அந்த உயிருக்கே உலை வைக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 30 வாட் விளக்கு இரண்டு, 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 35 வாட் ஹெட்லைட்டுக்குப் போட்ட ஒயரும் சுவிட்சும் சுமார் 3 ஆம்பியருக்கானவை. மொத்தச் சுமை 8 ஆம்பியரானால் சுவிட்சின் முனைகள் கருகும், ஒயர் உருகும். கடைசியில், ஏற்கெனவே இருந்த ஹெட்லைட்டும் வளைவில் அணையும்.

ரிலே வைத்தால் பேட்டரியிலிருந்து தனித் தடித்த ஒயரில் மின்சாரம் போகும். சுவிட்சில் ஓடுவது சொற்ப மின்சாரமே. பேட்டரிக்கு அருகிலேயே 7.5 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், ஒயர் எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ் முதலில் எரிந்து வண்டியைக் காக்கும்.

ரிலேயை இயக்கும் இணைப்பை ஹை பீம் ஒயரிலிருந்து எடுங்கள். டிம் செய்ததும் கூடுதல் விளக்குகளும் அணையும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைத்துப் பெறும் வெளிச்சம் நமக்கும் பாதுகாப்பாகாது. குறுகிய மலைப்பாதையில் அவர் தடுமாறினால் மோதுவது நம் மீதுதான்.