வாத்தியாருக்கும் பாடம் வேண்டும்!

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வாத்தியாருக்குச் சொல்லித் தராமல், பிள்ளைகளுக்கு மட்டும் புதுப் புத்தகம் கொடுத்தால் என்ன லாபம்?

வேதியியலையே எடுத்துக்கொள்ளுங்கள். 20 வருஷத்துக்கு முன்பு பட்டம் வாங்கியவர் படித்தது வேறு. இன்றைய பாடம் வேறு. 2016-ல் நான்கு புதுத் தனிமங்களுக்குப் பெயர் வைத்தார்கள். 12 கிராம் கார்பனை வைத்துக் காலங்காலமாக மனப்பாடம் செய்த 'மோல்' விளக்கத்தையே 2019 மே மாதம் மாற்றிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும், 2019-ல் பிளஸ் டூவுக்கும் புதுப் பாடத்திட்டம் வந்தது.

பயிற்சியே இல்லை என்று சொல்ல முடியாது, நடக்கிறது. ஆனால் ஹாலில் நாற்காலி போட்டு, ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டுக் கலைந்தால் அது பயிற்சியா?

ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை ஆசிட்டில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். புத்தகத்தில் இது ஒரு வரி. லேபில் ஒரு பிள்ளையின் கண்! பியூரெட்டைத் திருகி, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்துவதும் கைப்பழக்கம்தான். காதால் கேட்டு வருமா?

ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பயிற்சி வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. கொள்கை மீது ஆயிரம் சண்டை இருக்கட்டும். பயிற்சி மீது சண்டை எதற்கு? அதில் பாதி நேரமாவது லேப் மேஜை முன்னால் கழியட்டும். புதுக் கட்டிடம் வேண்டாம். லீவு நாளில் பக்கத்து அரசு கல்லூரி லேபைத் திறந்துவிடுங்கள். பயணப்படியைக் காலத்தோடு கொடுங்கள்.

வாத்தியார் கை பழகினால், பிள்ளை கண் பிழைக்கும்!