தயக்கத்துக்கு மருந்து விசாரணை அறிக்கை

தமிழ்நாட்டில் கொரோனா தடுப்பூசிக்கு முதலில் தயங்கியவர்களில் மருத்துவர்களும் செவிலியர்களும் உண்டு. 2021 ஜனவரி 16இல் நாடு முழுவதும் தடுப்பூசிப் பணி தொடங்கியபோது முன்னுரிமை அவர்களுக்குத்தான். ஆனால், 'கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்' என்று பலர் ஒதுங்கி நின்றார்கள். கோவேக்சினுக்கு ஜனவரி 3இல் அவசர அனுமதி கிடைத்தபோது மூன்றாம் கட்டப் பரிசோதனையின் செயல்திறன் முடிவுகள் வந்திருக்கவில்லை. மருந்தைப் பற்றி அறிந்தவர்கள் அதைக் கேள்வியாக எழுப்பினார்கள். அதற்குப் பதிலாகக் கிடைத்தவை, பிரமுகர்கள் சட்டைக் கையைச் சுருட்டி ஊசி போட்டுக்கொள்ளும் படங்கள்தான்.

இந்தத் தயக்கத்துக்கு உடனடி விலையும் இருந்தது. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும்; திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆறு பேர் மட்டும் வந்தால் மீதி குப்பைக்குத்தான். ஏப்ரல் 11 நிலவரப்படி தமிழ்நாட்டில் வீணான தடுப்பூசி சுமார் 12 சதவீதம். மாநிலங்களிலேயே அதுதான் மிக அதிகம்.

அந்த நேரத்தில்தான் நடிகர் விவேக்கின் மரணம் நேர்ந்தது. ஏப்ரல் 15இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டவர், மறுநாள் மாரடைப்பில் விழுந்து 17ஆம் தேதி அதிகாலை இறந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததை மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சுகாதாரத் துறையும் சொன்னது. இரண்டுமே சரி. ஆனால், ஊசியை ஊக்குவிக்கும் துறையே ஊசிக்கு நற்சான்று தரும்போது கேட்பவர் சந்தேகப்படுவது இயல்பு. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று உறுதிசெய்த செய்தி அக்டோபரில்தான் வெளியே வந்தது. இடைப்பட்ட ஆறு மாதமும் வாட்ஸ்அப்பின் ராஜ்யம்.

எல்லாத் தயக்கமும் மருந்தைப் பற்றியதல்ல. ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் வரும் என்பது கட்டிட வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு நாள் கூலி போகும் என்ற கணக்கு. கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்ற பேச்சும் பரவியதால் ஞாயிற்றுக்கிழமை முகாம்களைப் பலர் தவிர்த்தார்கள். இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகாமல், அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது அரசு. நல்ல நிர்வாகம் என்பது இதுதான். இதற்கு முன்பு, மே 21இல் ஒருநாள் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டிய பிறகு, தயங்கியவர்களே விடியற்காலையில் டோக்கனுக்கு நின்றார்கள்; அப்போது மருந்து கையிருப்பில் இல்லை. 'இன்று தடுப்பூசி இல்லை' என்ற அட்டையைப் பார்த்துத் திரும்பியவர்களையும் தயங்குவோர் கணக்கில் சேர்ப்பது நியாயமல்ல.

பரிசும் தடையும்கூட முயன்று பார்க்கப்பட்டன. கோவளத்தில் தன்னார்வலர்கள் பிரியாணியும் குலுக்கல் பரிசும் அறிவித்தார்கள். நீலகிரியில் தடுப்பூசிச் சான்று இருந்தால்தான் டாஸ்மாக்கில் மது என்றானது. இவற்றால் சிலர் வந்திருப்பார்கள். ஆனால், செப்டம்பர் 12இல் மாநிலம் முழுவதும் நடந்த மாபெரும் முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டதற்கு முக்கியக் காரணம், ஊசி ஊருக்குள் வந்ததுதான். பஸ் பிடித்து, அரை நாள் கூலியை விட்டு, வரிசையில் நிற்க வேண்டிய தேவை அன்று இல்லை.

தொலைவு எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழ்நாடு முன்பே பட்டு அறிந்திருந்தது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின், கிராம சுகாதார செவிலியர் ஊர் தேடி வந்து ஊசி போடும் முறை நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்தப் பணி மாற்றப்பட்டது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். ஆனால், கைக்குழந்தையோடு தாய் நடக்க வேண்டிய தூரம் கூடியது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எல்லாத் தடுப்பூசிகளும் போடப்பட்ட குழந்தைகள் 2005–06இல் சுமார் 81 சதவீதம். 2015–16இல் அது சுமார் 70 சதவீதமாகச் சரிந்தது. இந்த மாற்றத்தையும் அதற்கு ஒரு காரணமாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

தூரத்தை முகாம் குறைத்துவிடும். சந்தேகத்தைக் குறைக்க, ஒவ்வொரு புகாரின் விசாரணை முடிவும் குறித்த காலத்துக்குள் பொதுவெளிக்கு வர வேண்டும். 2021 மார்ச் 8இல் ஊசி போட்டுக்கொண்ட 68 வயது முதியவர் கடும் ஒவ்வாமையால் இறந்ததை, ஊசியால் நேர்ந்த மரணம் என்று தேசியக் குழு ஏற்றுக்கொண்டது. செய்தி வெளிவந்தது ஜூனில். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைப்பதே இத்தகைய ஒவ்வாமையைக் கண்டு உடனே சிகிச்சை தரத்தான். இதை அன்றே விளக்கியிருந்தால், அவசரமாக எழுந்துபோனவர்களில் பலர் உட்கார்ந்திருப்பார்கள்.

உண்மையைச் சொன்னால் பீதி கூடும் என்பது அதிகாரிகளின் வழக்கமான வாதம். ஆஸ்ட்ராஜெனகா ஊசியால் அரிதாக ரத்தம் உறைகிறது என்று தெரிந்ததும், 30 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேறு ஊசி தருவதாக 2021 ஏப்ரல் 7இல் பிரிட்டன் வெளிப்படையாக அறிவித்தது. அங்கே தடுப்பூசிப் பணி நின்றுவிடவில்லை. அதே மருந்துதான் இங்கே கோவிஷீல்டு. 2024இல் லண்டன் நீதிமன்ற ஆவணம் ஒன்றின் வழியாக அந்தப் பக்கவிளைவு மீண்டும் செய்தியானபோது, இங்கே பலர் முதன்முறையாகக் கேள்விப்பட்டு நடுங்கினார்கள்.

யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே 2இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பக்கவிளைவுகள் குறித்த அறிக்கைகளைத் தனிநபர் விவரமின்றி வெளியிடவும் உத்தரவிட்டது. அதை டெல்லியின் வேலை என்று தமிழ்நாடு விட்டுவிடக் கூடாது. மாவட்டந்தோறும் விசாரணைக் குழு இருக்கிறது. வயது, ஊசியின் பெயர், நேர்ந்தது என்ன, காரணம் என்ன என்பதைப் பெயர் குறிப்பிடாமல் தமிழில் எழுதி மாதந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டவும், கிராம சுகாதார செவிலியர் கையில் ஒரு பிரதி தரவும் அரசாணை ஒன்று போதும்.