கொழுப்பு எங்கே இருக்கு?

'உனக்குக் கொழுப்பு ஜாஸ்தியாயிடுச்சுடா' என்று சின்ன வயதில் அப்பா அடிக்கடி திட்டுவார். போன மாதம் அதையே ஒரு டாக்டர் படம் போட்டுக் காட்டினார்.

கிட்னியில் கல் என்று வயிற்றை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கல் சின்னது, தானாகப் போய்விடுமாம். ஆனால், குடலைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு சமாசாரம்.

''அது என்ன டாக்டர்?''

''கொழுப்பு.''

''எனக்கா? பேன்ட் சைஸ் 32-தான் சார்!''

''பெல்ட்டை எங்கே கட்டறீங்க?''

குனிந்து பார்த்தேன். தொப்பைக்குக் கீழே!

சி.டி. இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மார்க். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. கொழுப்புக்கு மைனஸ் 190-லிருந்து மைனஸ் 30 வரை, ஏறக்குறைய. இந்த மார்க்குக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் என்று பெயர். இந்த ஸ்கேனரை உருவாக்கி, 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆங்கிலேய இன்ஜினீயர் அவர். கொழுப்பு மார்க் வாங்கிய புள்ளிகளை கம்ப்யூட்டர் எண்ணினால் பரப்பளவு ரெடி.

பி.காம். பாஷையில் சொன்னால், டேப் காட்டுவது கிராண்ட் டோட்டல். சி.டி.தான் தலைப்புவாரியாகப் பிரிக்கும். தோலுக்கு அடியில் இவ்வளவு, வயிற்றுத் தசைக்கு உள்ளே இவ்வளவு என்று. சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் அதிகம் வழி பண்ணுவது இந்த உள்கணக்குதான். ஜப்பானில் சுமோ வீரர்களை ஸ்கேன் செய்தார்கள். மலை மாதிரி வயிறு, ஆனால் பெரும்பகுதி தோலுக்கடியில். உள்ளே அந்த உடம்புக்குக் கம்மிதான். பயிற்சியின் புண்ணியம்! தொப்புள் மட்டத்தில் உள்கொழுப்பு 100 சதுர செ.மீ. தாண்டினால் ஆபத்து என்பது ஜப்பானியர் போட்ட கோடு.

சரி, இது துல்லியம்தானா? புள்ளி எண்ணுவதில் ஆமாம். எந்த இடத்தில் ஸ்லைஸ் போடுகிறோம் என்பதில்தான் வில்லங்கம். சில சென்டிமீட்டர் மேலே கீழே போனாலே கணக்கு மாறும். தொப்புளை அடையாளம் வைக்கலாமென்றால், தொப்பை சரியும்போது அதுவும் கூடவே இறங்கும்! மூச்சை இழுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் இடம் மாறும். ஆறு மாசம் டயட் இருந்துவிட்டு ஒரே ஸ்லைஸை வைத்து 'குறைஞ்சுதா?' என்று பார்ப்பது, ஒரே வவுச்சரை வைத்து வருஷக் கணக்கை ஆடிட் பண்ணுகிற மாதிரி. வயிறு முழுக்க ஸ்லைஸ் ஸ்லைஸாகக் கூட்டினால் நம்பலாம்.

அதற்காக நாளைக்கே ஸ்கேன் சென்டருக்கு ஓடாதீர்கள். எக்ஸ்ரே கதிர் சும்மா வாங்கிக்கொள்கிற பிரசாதம் அல்ல. வேறு காரணத்துக்கு எடுத்தால், 'கொழுப்பு எப்படி?' என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மற்றபடி டெய்லர் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்டபிறகு அளக்க வேண்டும். எக்கக் கூடாது! இந்திய ஆண்களுக்கு எல்லை 90 செ.மீ.

நானும் அளந்தேன். 94. அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது அவருக்கு என் வயசு. 'ஒல்லியான மனுஷனுக்கா?' என்று ஊரே ஆச்சரியப்பட்டது.

கொழுப்பு பற்றி அப்பா சொன்னது சரிதான். எங்கே என்றுதான் அவருக்கும் தெரியவில்லை.