பதிவேட்டில் உள்ள தொகையெல்லாம் விலையாகுமா?

வீடு வாங்க எண்ணுவோர் இன்று விளம்பரத்தை மட்டும் நம்புவதில்லை. அதே அடுக்ககத்தில் முன்பு நடந்த விற்பனைகள் என்ன தொகைக்குப் பதிவாயின என்று தேடிப் பார்க்கின்றனர். நல்ல பழக்கம்தான். ஆனால் விளம்பரத்தில் 90 லட்சம் ரூபாய், அடுத்த வீட்டின் பதிவிலோ 28 லட்சம் என்று கண்டதும், விற்பவர் ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டி விடுவோரும் உண்டு. இதுவே பேரம் பேசுவதற்குரிய ஆயுதம் என்று மகிழ்வோரும் உண்டு. இரண்டுமே அவசர முடிவுகள். எந்த ஆவணத்தில், எதற்காக, எப்போது எழுதப்பட்டது என்று தெரியாதவரை ஒரு தொகையை விலை என்று கொள்ளலாகாது என்பதே என் கருத்து.

முதலில், ஒரே பதிவில் இரு தொகைகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் 'இண்டெக்ஸ்-2' படிவத்தில் கைமாறிய தொகையும் சந்தை மதிப்பும் தனித்தனியே காட்டப்படும். தமிழ்நாட்டின் வில்லங்கச் சான்றிலும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என இரண்டு உண்டு. இங்கே 'சந்தை மதிப்பு' என்பது பெயரளவில்தான் சந்தைக்குரியது. முத்திரைத் தீர்வை கணக்கிட அரசு வகுத்த மதிப்பையொட்டியே அது பெரும்பாலும் அமைகிறது. அந்த அரசு மதிப்பை டெல்லியில் சர்க்கிள் ரேட் என்பர். மும்பையில் ரெடி ரெக்கனர் என்பர். சென்னையில் வழிகாட்டி மதிப்பு என்பர். பெயர் எதுவாயினும் அது வரிக்கான அளவுகோலேயன்றி, வாங்குபவரும் விற்பவரும் ஒப்புக்கொண்ட விலை அன்று.

அடுத்து, ஆவணத்தின் தன்மை. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் கூட்டு மதிப்பு முறை நடைமுறைக்கு வரும்வரை, புதிய அடுக்ககங்களில் நிலத்தின் பிரிபடாத பாகத்துக்கு ஒரு கிரயப் பத்திரமும், கட்டடத்துக்குத் தனியே ஒரு கட்டுமான ஒப்பந்தமும் எழுதுவதே வழக்கம். 2019இல் பதிவான அந்த 28 லட்சம், நிலப் பாகத்தின் தொகை மட்டுமாக இருக்கலாம். தந்தை மகளுக்கு எழுதிய செட்டில்மெண்ட் பத்திரத்திலும், உடன்பிறந்தோர் எழுதிய விடுதலைப் பத்திரத்திலும் காணும் தொகை விற்பனை விலையே அன்று. வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் பெற்றதற்கான பதிவில் இருப்பதோ கடன் தொகை. அதையும் விலையென்று எண்ணி வருவோர் உண்டு.

காலமும் குழப்பம் தரும். கட்டுநர் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறுமுன் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம். ஆகவே இன்று சாவி கைக்கு வரும் வீட்டின் பதிவு விலை, சில ஆண்டுகளுக்கு முன் பேசிய விலையாக இருக்கும். பரப்பும் அவ்வாறே. சுவர்களுக்குள் புழங்கும் கார்ப்பெட் பரப்புக்குக் கணக்கிட்ட சதுர அடி விலையை, படிக்கட்டையும் நடைவழியையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் பரப்பின் விலையோடு ஒப்பிட்டால் கிடைக்கும் விடை பிழையாகவே இருக்கும்.

இவையெல்லாம் அறிந்துகொண்டால் தீரும் குழப்பங்கள். மனமறிந்து உண்டாக்கப்படும் குழப்பம் வேறொன்று உண்டு. 90 லட்சத்துக்குப் பேசி முடித்து, "பத்திரத்தில் 60 லட்சம் போதும், மீதியை ரொக்கமாகத் தாருங்கள்" என்பது. முத்திரைச் செலவு குறையும் என்று வாங்குபவரும் இணங்கிவிடுகிறார். இழப்பு எவ்வளவு என்று பார்ப்போம். வங்கி பெரும்பாலும் பத்திரத் தொகை, மதிப்பீட்டாளர் தரும் மதிப்பு ஆகிய இரண்டில் குறைந்ததையே கணக்கில் கொள்ளும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த உச்சவரம்பு 80 விழுக்காடு. 90 லட்சத்துக்கு 72 லட்சம் வரை கிடைக்கக்கூடிய இடத்தில் 60 லட்சத்துக்கு 48 லட்சமே கிடைக்கும். 18 லட்சம் கைப்பணம் போதுமாயிருந்த குடும்பம் 42 லட்சம் திரட்ட வேண்டும். அந்த 24 லட்ச வேறுபாட்டுக்காகவே நகைகள் அடகுக்குப் போகின்றன. கந்துவட்டிக்காரரின் வாசலும் தேடப்படுகிறது.

பின்னாளில் வீட்டை விற்கும்போது வருமான வரித்துறை ஏற்கும் கொள்முதல் விலை 60 லட்சமே. ஈட்டாத 30 லட்சம் ஆதாயமாகிவிடும், 12.5 விழுக்காட்டில் அதற்கான வரி மட்டும் 3.75 லட்சம். இதற்கிடையில், அரசு மதிப்பு பத்திரத் தொகையை 10 விழுக்காட்டுக்கு மேல் விஞ்சினால் வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் வரிச்சுமை நேரும். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதும் சட்டத்துக்குப் புறம்பு. பெற்றவருக்கு அதே அளவு தண்டத்தொகை விதிக்கப்படலாம்.

இவற்றினும் பெரிய கேடு பொதுவானது. குறைத்தெழுதிய ஒவ்வொரு பத்திரமும் அடுத்து வருபவருக்குப் பொய் சொல்கிறது. பதிவேட்டைப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை என்று குறைகூறும் நாமே, நம் முறை வரும்போது அதில் இன்னொரு பொய்யைச் சேர்க்கிறோம். முத்திரைத் தீர்வை மிகுதி என்பது உண்மையான குறையே. அதைக் குறைக்கக் கோருவது நியாயம். விலையை மறைப்பது அதற்கு மருந்தாகாது.

பதிவுத்துறைகள் ஆவண வகை, பரப்பின் வகை, ஒப்பந்த நாள், கைமாறிய தொகை ஆகியவற்றை ஒரே வரியில் எளிய மொழியில் காட்ட வேண்டும். வங்கிகளும் மதிப்பீட்டின் அடிப்படையைக் கேட்கும் வாடிக்கையாளருக்குப் பொறுமையாக விளக்க வேண்டும். இது நாங்கள் செய்ய வேண்டிய கடமை. வாங்குபவர் செய்ய வேண்டியது, முன்பணம் கொடுக்குமுன் முந்தைய பத்திரத்தின் நகலைக் கேட்டு முழுவதும் படிப்பது. படித்தபின், தாம் கொடுக்கும் விலை எதுவோ அதையே தம் பத்திரத்திலும் எழுதச் செய்வது.